நாலு மணிக்கு எழுகிறவருக்கு எந்தத் தூக்க மாத்திரை?

டெல்டாவில் பால் கறப்பவர், பூக்கட்டுபவர், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்திருப்பவர் எல்லாரும் கோழி கூவும் முன்பே எழுந்துவிடுவார்கள். ஆகவே தூக்க மாத்திரையில் முதலில் பார்க்க வேண்டியது விலையல்ல, அது உடம்பில் எத்தனை மணி நேரம் தங்கும் என்பதுதான்.

சோல்பிடெம் சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கவும் செய்யும். படுக்கைக்கு வந்த பிறகுதான் விழுங்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போட்டால் தூக்கம் வரத் தாமதமாகும். உடனே ‘கேட்கவில்லை’ என்று இன்னொன்றைப் போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. போட்டபின் ஏழெட்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் போட்டுவிட்டு நாலு மணிக்கு வண்டி எடுக்கக் கூடாது. பெண்கள் உடம்பிலிருந்து இது மெதுவாக வெளியேறுவதால் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. முதியவர்களுக்கும் 5 தான். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, அடுப்பு பற்றவைப்பது, காலையில் எதுவுமே நினைவில்லாதது: இது ஒருமுறை நடந்தாலும் அந்த மாத்திரை அவருக்கு இனி வேண்டாம்.

அல்பிரசோலம் அடிப்படையில் பதற்றத்துக்கான மருந்து. சில வாரங்களிலேயே பழகிப்போய் அதே அளவு போதாமல் ஆகும். சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், சிலருக்கு வலிப்பும் வரும். சேற்றில் நிற்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. படர்தாமரைக்குத் தரும் இட்ராகொனசோல், கல்லீரல் அல்பிரசோலத்தை வெளியேற்றும் வழியை அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. தோல் டாக்டரிடம் போகும்போது தூக்க மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.

குளோனசெபாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். தினமும் போட்டால் நேற்றையதன்மேல் இன்றையது சேரும். பகலிலும் தள்ளாட்டம், ஈரமான கொல்லைப்புறத்தில் வழுக்கல், இடுப்பெலும்பு முறிவு. எழுபது தாண்டியவருக்குத் தூக்கத்துக்காக இதைத் தராமலிருப்பதே நல்லது.

மூன்றுக்குமே சாராயமும் டிரமடால் வலி மாத்திரையும் ஆகாது, மூச்சு அடங்கிப்போகும். குறட்டையின் நடுவே மூச்சு நிற்பவர் டாக்டரிடம் அதைச் சொல்லியே தீர வேண்டும்.

சோல்பிடெமும் அல்பிரசோலமும் எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது சீட்டுக்கு மட்டும், கணக்கெழுதி விற்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்டவை. டாக்டர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் நாலு மாத்திரை கிள்ளிக் கொடுக்கும் மெடிக்கல் நமக்கு உதவி செய்யவில்லை. (மாலை ஆறு மணிக் கும்பகோணம் டிகிரி காபியில் ஏறக்குறைய பாதி பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். அதை விட்டுப் பார்க்கச் சீட்டு வேண்டாம்.)

நிறுத்துவதென்றால் டாக்டர் எழுதித் தரும் கணக்குப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தீபாவளி விடுமுறையில் அட்டை தீர்ந்துபோவதும் திடீர் நிறுத்தம்தான். ஐந்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள்.