போஸ்ட்ஹாக், உமாமி, பிளாசிபிள், மட்டோமோ: சொந்த சர்வரில் எதை ஏற்றலாம்?

ஒயிட் டவுன் விருந்தினர் இல்லங்களுக்கு முன்பதிவுத் தளம், லாஸ்பேட்டை டியூஷன் சென்டருக்கு ஆப், கடலூர் துறைமுகத்து மீனை வீட்டுக்கே அனுப்பும் தளம். புதுச்சேரியிலும் கடலூரிலும் நாலைந்து பேராக இயங்கும் டெவலப்பர் குழுக்கள் செய்யும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பயனர் எந்த இடத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார், திரும்பி வருகிறாரா என்று பார்க்க இவர்களுக்கு ஒரு அனலிட்டிக்ஸ் மென்பொருள் தேவை. தரவு தங்கள் கையிலேயே இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஓப்பன் சோர்ஸில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் மேலே உள்ள நான்கும். இந்த அளவுக் குழுவுக்கு உமாமிதான் என் பரிந்துரை. நான்கில் அதிகம் செய்யக்கூடியது போஸ்ட்ஹாக். ஆனால் சொந்த சர்வரில் ஏற்றிவிட்டால் அதைக் கவனித்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும்.

உமாமி எம்ஐடி உரிமத்தில் வருகிறது. நோட்.ஜேஎஸ் செயலி ஒன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று, அவ்வளவுதான். 2 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) தாராளமாகப் போதும். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கான கம்போஸ் கோப்பை இறக்கி, ஆப் சீக்ரெட் என்ற மாறியில் நீளமான ரகசியச் சரத்தைப் போட்டு ஓடவிட்டால் 3000-ஆம் போர்ட்டில் எழுந்துவிடும். முதல் நுழைவுக்குப் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் உமாமி. இதை உலகமே அறியும் என்பதால் டொமைனை இணைப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இன்னொன்றையும் அப்போதே கவனியுங்கள். டாக்கர் திறக்கும் போர்ட் லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைத் தாண்டி நேரடியாக வெளியே தெரியும், ஏனென்றால் டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. ஃபயர்வால் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாமல், கம்போஸ் கோப்பில் போர்ட்டை 127.0.0.1-உடன் (சர்வருக்குள் மட்டும் தெரியும் முகவரி) கட்டி, முன்னால் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸையோ கேடியையோ நிறுத்துங்கள்.

அந்த என்ஜின்எக்ஸில்தான் அடுத்த தவறு நடக்கும். பயனரின் உண்மையான ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரைப் பின்னால் அனுப்பாவிட்டால், வருகிற எல்லோரும் டாக்கரின் 172-ல் தொடங்கும் உள் முகவரியிலிருந்து வருவதாகவே உமாமிக்குத் தெரியும். ஒரே மாதிரி பிரவுசர் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒரே ஆளாகிவிடுவார்கள். பக்கப் பார்வை ஏறிக்கொண்டே போக, வருகையாளர் எண்ணிக்கை மட்டும் ஒற்றை இலக்கத்தில் நின்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸின் டாக்கர் இமேஜுக்குப் பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதிவையுங்கள். லேட்டஸ்ட் என்று விட்டால், ஒருநாள் இமேஜைப் புதுப்பிக்கும்போது பழைய பதிப்பின் கோப்புகளைப் புதிய பதிப்பு திறக்க மறுக்கும். முதன்மைப் பதிப்பு மாறும்போது பழையதிலிருந்து டம்ப் (தரவு முழுவதன் நகல் கோப்பு) எடுத்துப் புதியதில் ஏற்றுவதுதான் பாதுகாப்பான வழி. மைஎஸ்க்யூஎல்லில் உமாமியை ஓட்டுபவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது. 3-ஆம் பதிப்பில் மைஎஸ்க்யூஎல் ஆதரவு கிடையாது, போஸ்ட்கிரெஸுக்கு மாறியே ஆகவேண்டும்.

விளம்பரத் தடுப்பான்கள் மூன்றாம் தரப்பு டொமைனை மட்டும் பார்ப்பதில்லை, கோப்பின் பெயரையும் பார்க்கின்றன. துணை டொமைனுக்கு அனலிட்டிக்ஸ் என்றோ உமாமி என்றோ பெயர் வைத்தால் பட்டியலில் மாட்டும் வாய்ப்பு அதிகம். ஸ்கிரிப்ட்டின் பெயரையும், அது தரவு அனுப்பும் பாதையையும் சூழல் மாறிகளில் மாற்ற உமாமி இடம் தருகிறது. பயனர் கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதை மதிக்கச் சொல்லும் அமைப்பும் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லிலேயே இருக்கிறது. பெயரை மாற்றுகிறவர்கள் அந்த அமைப்பையும் சேர்த்தே போடவேண்டும். மறுத்தவரை வேறு பெயரில் பின்தொடர்வது நியாயமில்லை.

இனி எண்களை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். குக்கீ வைக்காத உமாமியும் பிளாசிபிளும் பயனரின் ஐபியையும் பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியையும் சால்ட் என்ற ரகசியச் சரத்தோடு கலந்து, திரும்பப் பிரிக்க முடியாத குறியீடாக (ஹாஷ்) மாற்றி ஆளை அடையாளம் காண்கின்றன. பிளாசிபிளில் இந்த சால்ட் நாள்தோறும் மாறும், உமாமியில் மாதந்தோறும். ஆகவே நேற்று வந்தவர் இன்று பிளாசிபிளுக்குப் புது ஆள். போன மாதம் வந்தவர் இந்த மாதம் உமாமிக்குப் புது ஆள். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்கில் பல பேர் ஒரே பொது ஐபிவி4 முகவரியைப் பகிர்கிறார்கள். போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு குரோம் இப்போது போன் மாடலைச் சொல்வதில்லை, எல்லாப் போனும் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்றே வரும். காலாப்பட்டுப் பல்கலைக்கழக விடுதி வைஃபையிலிருந்து ஐம்பது பேர் வந்தாலும் சிலராகச் சுருங்கிவிடலாம். சர்வருக்கு ஐபிவி6 முகவரி கொடுத்து, டிஎன்எஸ்ஸில் அதற்கான பதிவையும் சேர்த்தால் மொபைல் பயனர்கள் பெருமளவு பிரிந்து தெரிவார்கள். அரை மணி நேர வேலைதான், செய்துவிடுங்கள்.

கட்டணப் பக்கத்தின் ஃபனல்தான் (எந்தப் படியில் எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள் என்ற கணக்கு) நம் ஊர் தளங்களில் அதிகம் பொய் சொல்வது. அறை தேடல், அறை பார்த்தல், கட்டணம், வெற்றி என்று நான்கு படி வைத்திருப்பீர்கள். மூன்றாவது படியில் யுபிஐ ஆப் திறக்கிறது, பணம் போனதும் பயனர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார். வெற்றிப் பக்கம் திறக்கப்படுவதே இல்லை. இன்ஸ்டாகிராமுக்குள் திறந்த பக்கத்திலிருந்து வந்தவர் திரும்பும்போது குரோமில் வந்து நிற்பதும் உண்டு, அப்போது செஷனே (ஒரு வருகையின் தொடர் பதிவு) வேறு. எனவே வெற்றி ஈவென்ட்டை (அந்தச் செயல் நடந்தது என்ற பதிவை) பிரவுசரிலிருந்து அனுப்பாதீர்கள். பேமென்ட் கேட்வே உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் வந்ததும் சர்வரிலிருந்தே அனுப்புங்கள். உமாமியில் இதற்கு இரண்டு நிபந்தனை. யூசர் ஏஜென்ட் ஹெடர் இல்லாத கோரிக்கையை அது பதிவு செய்யாது. அடுத்து, முதல் பக்கத்திலேயே உமாமியின் ஐடென்டிஃபை கட்டளை வழியாக ஒரு தற்செயல் ஐடியைக் கொடுத்து, அதை ஆர்டரோடு சேமித்து, வெப்ஹூக் ஈவென்ட்டிலும் அதே ஐடியை அனுப்பவேண்டும். பாதி வழியில் ஐடி கொடுத்தால் முன்பாதி ஒரு செஷனாகவும் பின்பாதி இன்னொன்றாகவும் பிரிந்து ஃபனல் உடையும்.

பிளாசிபிளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏஜிபிஎல் உரிமம், எலிக்ஸிரில் எழுதியது, போஸ்ட்கிரெஸும் கிளிக்ஹவுஸ் என்ற பகுப்பாய்வுத் தரவுத்தளமும் சேர்ந்து ஓடும். திரை அழகு, ஸ்கிரிப்ட் மிகச் சிறியது. ஆனால் சொந்த சர்வருக்கான கம்யூனிட்டி எடிஷனில் ஃபனல் கிடையாது. வலைப்பூவுக்கும் செய்தித் தளத்துக்கும் அருமை. புராடக்ட் அனலிட்டிக்ஸ் வேண்டுமென்று வந்தவர்கள் ஃபனல் இல்லாமல் என்ன செய்வது?

போஸ்ட்ஹாக்குக்கு வருவோம். 2020-ல் தொடங்கிய திட்டம், ‘ஈஈ’ என்ற கோப்புறை தவிர மற்றவை எம்ஐடி. ஃபனல், ரிடென்ஷன் (பயனர் திரும்பி வருகிறாரா என்ற கணக்கு), செஷன் ரீப்ளே (பயனர் செய்ததைப் படம்போல் திரும்பப் பார்ப்பது), ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியைச் சிலருக்கு மட்டும் திறப்பது), ஏ/பி சோதனை எல்லாம் ஒரே இடத்தில். ஒரே வரிக் கட்டளையில் ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி போஸ்ட்கிரெஸ், கிளிக்ஹவுஸ், காஃப்கா (ஈவென்ட்களை வரிசையில் வைத்திருப்பது), ரெடிஸ், கோப்புச் சேமிப்பு, இன்னும் பல கன்டெய்னர்களை எழுப்புகிறது. 4 விசிபியு, 16 ஜிபி ரேம், 30 ஜிபிக்கு மேல் வட்டு என்பது அவர்களே கேட்கும் அளவு. ஹாபி என்று அவர்கள் சொல்லும் இந்தச் சிறு நிறுவல் மாதம் ஏறத்தாழ 1 லட்சம் ஈவென்ட் வரை தாங்கும் என்கிறார்கள். சொந்த நிறுவலில் ஒரு புராஜெக்ட்தான், உதவிச் சேவை கிடையாது. பெரிய நிறுவலுக்கான, பல சர்வர்களில் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டீஸ் ஆதரவை 2023-லேயே நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய கிளவுடில் மாதம் 10 லட்சம் ஈவென்ட் இலவசம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏற்றிய பிறகு முதலில் உடைவது வட்டுதான். உங்கள் ஈவென்ட் கொஞ்சமாக இருக்கும்போதே வட்டு நிறையும். கிளிக்ஹவுஸ் தன் சொந்த வேலைகளைப் பற்றி எழுதிக்கொள்ளும் குவெரி லாக், டிரேஸ் லாக் போன்ற சிஸ்டம் அட்டவணைகள் வரம்பில்லாமல் வளர்வதுதான் காரணம். அவை ஏழு நாளில் தானாக அழியும்படி டிடிஎல் வையுங்கள், அல்லது கிளிக்ஹவுஸ் அமைப்புக் கோப்பில் தேவையில்லாதவற்றை அணைத்துவிடுங்கள். டாக்கரின் சொந்த லாக் கோப்புகளுக்கும் அளவு வரம்பு போடவேண்டும், இயல்பாக அதற்குச் சுழற்சி கிடையாது. வட்டு நிறைந்தால் கிளிக்ஹவுஸ் எழுதுவதை நிறுத்தும், ஈவென்ட்கள் காஃப்காவில் தேங்கும், அங்கே வைத்திருக்கும் காலம் முடிந்ததும் அழிந்துபோகும். திரையில் எந்த எச்சரிக்கையும் இருக்காது, வரைபடம் மட்டும் சரியும். வட்டு 70 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் வரும்படி ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) எழுதாமல் போஸ்ட்ஹாக்கை ஓட்டாதீர்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. பல மாத மாற்றங்களை ஒரே நாளில் ஏற்றினால் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது) நடுவில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். மேம்படுத்துவதற்கு முன் சர்வரின் முழு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ரகசியச் சாவிகள் இருக்கும் என்வி கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால், அந்தச் சாவியால் பூட்டிய விவரங்களை பேக்கப் இருந்தாலும் திறக்க முடியாது.

குடும்பத்துக்கு ஒரே போன் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். வெளியேறும் பொத்தானில் போஸ்ட்ஹாக்கின் ரீசெட் கட்டளையை அழைக்காவிட்டால், அடுத்து போனை எடுப்பவர் உள்நுழையும் வரை செய்வதெல்லாம் முந்தையவர் கணக்கில் சேரும். செஷன் ரீப்ளேயில் உள்ளீட்டுப் பெட்டிகள் தானாக மறைக்கப்படும். ஆனால் பக்கத்தில் எழுத்தாகக் காட்டப்படும் ஆதார் எண்ணும் முகவரியும் அப்படியே பதிவாகும். அந்தப் பகுதிகளுக்கு மறைக்கும் கிளாஸை நீங்களே சேர்க்கவேண்டும்.

மட்டோமோ 2007-ல் பிவிக் என்று தொடங்கி 2018-ல் பெயர் மாறியது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் தெரிந்த குழுவுக்குப் பழகிய களம், பகிர்வு ஹோஸ்டிங்கிலும் ஓடும். ஃபனல், ஹீட்மேப், செஷன் பதிவு ஆகியவை காசு கொடுத்து வாங்கும் பிளகின்கள். பிரவுசர் திறக்கும்போது அறிக்கை தயாரிக்கும் முறையை அணைத்து, மணிக்கொரு முறை கிரானில் அறிக்கைகளை முன்கூட்டியே தயாரிக்கும் ஆர்க்கைவ் ஓட்டாவிட்டால் டாஷ்போர்டு திணறும்.

சர்வரை அலுவலகத்திலேயே வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் கடற்கரை இது. மின்சாரம் திடீரென்று போய்வரும் இடத்தில் காஃப்காவும் கிளிக்ஹவுஸும் நிம்மதியாக ஓடாது. பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு விபிஎஸ் எடுத்து, தினசரி டம்ப்பை வேறொரு இடத்துக்கு அனுப்புங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது நேர மண்டலத்தை முதலில் பாருங்கள். யுடிசியில் விட்டால் நம் நாள் காலை 5.30-க்குத்தான் தொடங்கும், சனி நள்ளிரவு முன்பதிவு தவறான நாளில் விழும். ஊர் பெயரை நம்பாதீர்கள், புதுச்சேரிப் பயனர் சென்னை என்று காட்டப்படுவது சகஜம். மாநில வாரியாகப் பார்க்கும்போது புதுச்சேரிக்குள் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் அடங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டியூஷன் ஆப் செய்பவர்கள் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஐ ஒருமுறை படித்துவிட வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிக்க அதில் தடை இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குத் தரப்பட்ட விலக்கு கல்விச் செயல்பாடு, பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற எல்லைக்குள்தான். தரவு சொந்த சர்வரில் இருப்பதாலேயே இந்தச் சட்டத்திலிருந்து தப்பிவிட முடியாது. அப்படிப்பட்ட ஆப்பில் செஷன் ரீப்ளேயை முழுவதும் அணைத்து, மாணவர் ஐடி எதையும் இணைக்காமல், பாடம் திறந்தது, தேர்வு முடிந்தது என்ற எண்ணிக்கைகளை மட்டும் உமாமியில் எடுங்கள்.