கண்ணாடி கேபினட்டும் கொசுவலையும்: இரண்டேகால் வருஷத்துக்குப் பிறகு

அக்கா பையன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான். "மாமா, முதல் கேமிங் பிசி. பட்ஜெட் 60,000. இந்த லிஸ்ட் ஓகேவா?" என்று போன வாரம் அனுப்பியிருந்தான். ப்ராசசருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி, கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. எல்லாப் பாகத்தையும் வைக்கிற பெட்டி, அதாவது கேபினட்டில் மட்டும் சந்தேகமே இல்லை, படத்தோடு வந்திருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வானவில் கலரில் மூன்று ஃபேன். என் மேஜைக்குக் கீழே இருப்பதன் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி இருந்தது. அவனுக்கு இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது.

என் கம்ப்யூட்டரை 2023 தீபாவளி முடிந்த வாரம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ ஸ்டோரேஜ், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை டப்பா). மானிட்டர் சேர்க்காமல் 56,200 ரூபாய். அதில் 21,500 கிராபிக்ஸ் கார்டுக்கே போயிற்று. அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அதே விலையை ஒட்டி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டும் கிடைத்தது. ரே டிரேசிங் (வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம் போலக் காட்டுவது), டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்னதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்குவது) என்று கடையில் ஆசை காட்டினார்கள். ரே டிரேசிங்கைப் போட்டால் இந்த விலைக் கார்டு எதுவாக இருந்தாலும் மூச்சு வாங்கும். அதை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தால் 6600தான் வேகம். 1080பி-யில் சைபர்பங்க் 2077 கேம் ஹை செட்டிங்கில் நொடிக்கு 60 ஃப்ரேமை ஒட்டி ஓடுகிறது. வலோரண்ட் எல்லாம் அதற்குச் சுண்டைக்காய்.

பையன் லிஸ்டில் 5600ஜி என்று இருக்கிறது. "ஜி" இருந்தால் கேமிங்குக்கு என்று நினைத்திருக்கிறான், பாவம். அது உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ப்ராசசர். தனிக் கார்டு வாங்குகிறவனுக்கு அது நஷ்டம்: எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகம்) வெறும் 5600-இல் உள்ள 32 எம்பிக்குப் பதிலாக 16 எம்பிதான், கார்டோடு பேசுகிற பிசிஐஇ பாதையும் 3.0தான். 6600 அந்தப் பாதையில் எட்டு லேனில் மட்டும் ஓடுகிற கார்டு என்பதால் அதற்கு வேகமான 4.0 இருப்பது நல்லது. நான் பி450 போர்டை விட்டுவிட்டுக் கொஞ்சம் கூடப் போட்டு பி550 எடுத்ததும் அதற்காகத்தான்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படத்தைப் புதுப்பிக்கிற) மானிட்டர் வாங்கி, முதல் நான்கு மாதம் 60-இலேயே ஓட்டியிருக்கிறேன். விண்டோஸ் செட்டிங்கில் போய் மாற்ற வேண்டும் என்று தெரியாது. ராமும் அப்படித்தான், 3200 என்று அட்டையில் போட்டிருந்தது 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முந்தைய செட்டிங் திரை) எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தபிறகுதான் வாங்கியதற்கு உரிய வேகம் வந்தது. அந்த நான்கு மாதமும் "ஆஹா, என்ன ஸ்மூத்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை கடைக்காரரோடு ஒரு சின்ன யுத்தமே நடந்தது. கேபினட்டோடு ஒன்று "ஃப்ரீயா வருது சார், இதுவே போதும்" என்றார். கையில் வாங்கினால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. கூட வந்த நண்பன் என் காலை மிதித்தான். தனியாக 4,200 கொடுத்து ப்ரோன்ஸ் (வெண்கலத் தரம்) ரேட்டிங் உள்ளதை எடுத்தேன். நண்பன் வாழ்க. அன்றைக்கு அவன் இன்னொரு தடவையும் மிதித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்து எடுத்தது கேபினட். ப்ராசசருக்கு இரண்டு வாரம் யோசித்தவன், கார்டுக்கு ஒரு மாதம் வீடியோ பார்த்தவன், கேபினட்டுக்கு எடுத்துக்கொண்டது இரண்டு நிமிஷம். அலமாரியில் மின்னிக்கொண்டிருந்தது. 2,900 ரூபாய். "இதையே போடுங்க" என்றேன்.

அதன் லட்சணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முன்பக்கம் மூன்று ஃபேன். அவை காற்றை இழுப்பதற்கு எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. அந்தச் சந்து வழியாகத்தான் மொத்தச் சிஸ்டமும் மூச்சு விட வேண்டும். மூன்று ஃபேனும் போர்டில் மாட்டுகிற வகையும் இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் வயரில் நேராகச் செருகியிருக்கிறது. அதாவது 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். கேம் ஓடினாலும் அதே இரைச்சல், வெறும் கரண்ட் பில் கட்டினாலும் அதே இரைச்சல். "மிக்ஸி ஓடுதா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்பாள். முதல் வாரம் ஜோக்காக இருந்தது.

அப்புறம் அந்தப் பட்டன். கேபினட் மேலே எல்இடி என்று ஒன்று இருக்கிறது. அமுக்கினால் கலர் மாறும்: சிவப்பு, பச்சை, நீலம், துடிப்பது, சுற்றுவது, இப்படிப் பதினொன்று, பன்னிரண்டாவது தடவை அணையும். ஆனால் அணைத்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மறுபடி வானவில். காலையில் சாமி கும்பிடுவது போலப் பன்னிரண்டு தடவை அமுக்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை தப்பினால் இன்னொரு சுற்று. ஒரு பட்டனால் மனுஷனுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று தெரியாமலிருந்தது.

வாங்கி மூன்று வாரத்தில் மிக்ஜாம் புயல். தரைத்தள வீடு. வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் வந்தபோது, கரண்ட் இல்லாத இருட்டில் முதலில் மாடிக்குத் தூக்கியது இதைத்தான். (பீரோவில் இருந்த பத்திரங்களை இரண்டாவதாகத் தூக்கினேன். அந்த வரிசை பற்றி வீட்டில் இன்னமும் பேச்சு உண்டு.) இரண்டு பக்கக் கண்ணாடியோடு அது என்ன கனம்! படிக்கட்டில் நின்று நின்று, மார்போடு அணைத்துத் தூக்கினேன். ஒரு கீறல் இல்லாமல் தப்பியது.

தப்பாமல் போனது 2024 மே மாதத்தில். அந்த அறையில் ஏசி கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கே அறைக்குள் 36 டிகிரி. ப்ராசசர் 88-ஐத் தொட்டது, அதன் எல்லையே 90. கார்டின் ஹாட் ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடாகிற இடம்) 98 காட்டியது. அதற்கு 110 வரை இடமுண்டு, உடனே எதுவும் ஆகிவிடாது. ஆனாலும் கார்டின் சின்ன ஃபேன்கள் கதறுவதைக் கேட்டுக்கொண்டு விளையாட முடியாது. தூசி அடைத்திருக்கும் என்று பக்கக் கண்ணாடியைக் கழற்றி, சுவரில் சாய்த்துத் தரையில் வைத்தேன். டைல்ஸ் தரை. கண்ணாடியின் மூலை டைல்ஸில் லேசாகத்தான் பட்டது. "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அறை முழுக்கக் கல்கண்டு கொட்டிய மாதிரி. டெம்பர்டு கண்ணாடி அடி விழுந்தால்கூடத் தாங்கும், அதன் விளிம்பு டைல்ஸில் பட்டால் மட்டும் தாங்காது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இது என் தப்பு, கேபினட்டின் தப்பு இல்லை. நியாயம் பேச வேண்டும் இல்லையா.

ஆனால் அன்றைக்கு ராத்திரி, பெருக்கி முடித்த எரிச்சலில் திறந்த பக்கத்தோடு அப்படியே விளையாட உட்கார்ந்தால், ஹாட் ஸ்பாட் 84. ப்ராசசர் 76. பதினான்கு, பன்னிரண்டு டிகிரி! காசு கொடுத்து கூலர் மாற்றினாலும் இந்த இறக்கம் வருமா என்று தெரியாது. உடைந்ததுதான் நான் அந்தக் கேபினட்டுக்குச் செய்த ஒரே நல்ல காரியம்.

சந்தோஷம் ஒரு மாதம். ஒரு நாள் காலையில் ஆன் செய்யப் போகிறேன், மதர்போர்டுக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு பல்லி. குளிர்காய வந்திருக்கிறது போல. வேண்டிய இடத்தில் வேண்டிய வெப்பம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. துடைப்பக் குச்சியை வைத்துக்கொண்டு அதை வெளியேற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அன்று சாயங்காலமே ஹார்டுவேர் கடைக்குப் போய், ஜன்னலுக்கு ஒட்டுகிற கொசுவலை ஒரு மீட்டரும் வெல்குரோ டேப்பும் வாங்கிவந்தேன். 140 ரூபாய். அளவு பார்த்து வெட்டி, பக்கத்தில் ஒட்டினேன். காற்று போகிறது, பல்லி போவதில்லை, தூசியும் பாதி வலையிலேயே நின்றுவிடுகிறது. மாதம் ஒருமுறை பிய்த்துச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போடுகிறேன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அதே வலைதான்.

இதையெல்லாம் சுருக்கித்தான் பையனுக்கு அனுப்பினேன். 5600ஜி வேண்டாம், 5600 எடு. ராமை இரண்டு குச்சியாக எடு, ஒரே குச்சியாக வேண்டாம். நான் 3,600-க்கு வாங்கிய 16 ஜிபி இன்றைக்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, அதனால் இன்னும் விலை கூடிய டிடிஆர்5 ராம் கேட்கிற புது போர்டுப் பக்கம் இந்தப் பட்ஜெட்டில் போகாதே. எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார். அந்தக் கேபினட்டை மட்டும் தயவுசெய்து வாங்காதே. முன்னால் கம்பிவலை போட்டது, போர்டிலேயே ஃபேன் மாட்டுகிறது, ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் அதுதான். பத்துக்கு இரண்டு மார்க்கூடக் கொடுக்க மாட்டேன் என் கேபினட்டுக்கு.

"அப்ப நீங்க ஏன் மாமா இன்னும் மாத்தல?" என்று கேட்டிருக்கிறான்.

எல்லாவற்றையும் கழற்றி மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும் என்று பதில் போட்டேன். அதுவும் உண்மைதான். போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு நல்ல மெஷ் கேபினட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, விலைகூடக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்தேன். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு உட்காரும்போது, சில நாள் அந்தப் பட்டனை நான் அமுக்குவதில்லை. கொசுவலை வழியாக வெளிச்சம் கட்டம் கட்டமாகச் சுவரில் விழுந்து மெதுவாகக் கலர் மாறும். அதைப் பையனிடம் சொல்லவில்லை.