கார–சிலிக்கா வினை: 14 நாள் பட்டையா, ஓராண்டுப் பட்டகமா?

ஜல்லியிலுள்ள வினைத்திறன் மிக்க சிலிக்கா, கான்கிரீட்டின் துளைநீரிலிருக்கும் காரத்தோடு சேர்ந்து கூழாகிறது. கூழ் நீரை உறிஞ்சிப் பருக்கும்போது கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. இதை முன்கூட்டியே அறிய இரண்டு சோதனைகள் அதிகம் கையாளப்படுகின்றன.

வேகமானது, அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் சி1260. ஜல்லியை 5 மி.மீ.க்குக் கீழே நொறுக்கி, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு 2.25 பங்கு சேர்த்து, நீர்–சிமென்ட் விகிதம் 0.47 வைத்துச் சாந்துப் பட்டை வார்ப்பார்கள். 80 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு நாள் வைத்துத் தொடக்க நீளம் அளந்தபின், லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த கரைசலில் அதே வெப்பத்தில் ஊறவைப்பார்கள். 14 நாள் நீட்சி 0.10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, 0.20ஐத் தாண்டினால் ஆபத்து. நடுவில் நின்றால் இரண்டுங்கெட்டான்.

வேகத்துக்கு விலை உண்டு. களத்தில் நல்லபடி நிற்கும் ஜல்லியும் இதில் தோற்கும். நொறுக்குவதால் பாறையின் இயல்பு மாறி, மெதுவாக வினைபுரியும் சில கெட்ட ஜல்லிகள் தேறிவிடுவதும் உண்டு. கரைசலே காரத்தை அள்ளித் தருவதால், சிமென்ட்டின் காரம் கூடினாலும் குறைந்தாலும் முடிவு பெரிதாக மாறாது. ஆகவே லோ-அல்கலி (காரம் குறைந்த) சிமென்ட்டை இதில் சோதிப்பது வீண்.

தீர்ப்பு சொல்லத் தகுந்தது ஏஎஸ்டிஎம்மின் சி1293 கான்கிரீட் பட்டகச் சோதனைதான். கனமீட்டருக்கு 420 கிலோ சிமென்ட், காரம் 1.25 சதவீதமாக உயர்த்தப்படும், அதாவது 5.25 கிலோ. பட்டகத்தை நீருக்கு மேலே, 38 டிகிரியில் ஓராண்டு வைப்பார்கள், நீட்சி வரம்பு 0.04 சதவீதம். அனல்மின் நிலையச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்), இரும்பு உலைக் கசடு சேர்த்தால் இரண்டாண்டு. பட்டகம் மெல்லியது என்பதால், வழியும் ஈரத்தோடு காரம் கசிந்து வெளியேறும். இதுதான் இதன் பெரிய குறை.

தடுப்பில், லோ-அல்கலி முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. காரம் 0.6 சதவீதமுள்ள சிமென்ட்டைக் கனமீட்டருக்கு 500 கிலோ போட்டால் காரம் 3 கிலோ, 0.9 சதவீதச் சிமென்ட் 300 கிலோவில் 2.7 கிலோதான். கணக்கிட வேண்டியது மொத்தக் காரத்தை.

அதைவிட உறுதியான வழி ஃப்ளை ஆஷ். சிமென்ட்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு குறைந்த சாம்பல் பொதுவாக 20–30 சதவீதம் தேவைப்படும். சுண்ணாம்பு கூடினால் அளவும் கூடும். கசடு 40–50 சதவீதம். சிலிக்கா ஃப்யூம் எனும் மிக நுண்ணிய சிலிக்காத் தூள் சுமார் 10 சதவீதம் போதும். ஆனால் சரியாகக் கலக்காமல் கட்டி நின்றால் அந்தக் கட்டியே வினைபுரியும். தேர்ந்த கலவையை, சி1260 போன்றதே ஆன சி1567இல் 14 நாள் சோதித்து, 0.10க்குள் வருகிறதா என்று பார்க்கலாம். வினையை அடக்கச் சேர்க்கும் லிதியம் நைட்ரேட்டை மட்டும் அதில் அப்படியே சோதிக்க முடியாது: பட்டையிலுள்ள லிதியம் கரைசலுக்குள் கசிந்துவிடும்.