விக்கிப்பீடியாவில் தொகுப்புப் பிணக்குகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் எந்த வழி கைகொடுக்கிறது

ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் நீக்குவது விக்கிப்பீடியாவில் அன்றாடம் நடப்பது. அது பிணக்காக மாறுமா என்பது பெரும்பாலும் இரண்டாவது மீளமைப்பில் (ஒருவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய வடிவத்துக்குத் திருப்புவதில்) தெரிந்துவிடும். முதல் மாற்றத்தைத் துணிந்து செய்யலாம். அதை யாராவது மீளமைத்தால், கட்டுரையில் கை வைக்காமல், அதைப் பற்றி உரையாடுவதற்கென உள்ள பேச்சுப் பக்கத்துக்குப் போய்விட வேண்டும். தவறான வடிவம் நான்கு நாள் கிடந்தால் குடி முழுகிவிடாது. உங்கள் வரி, எல்லாப் பழைய வடிவங்களும் சேமிக்கப்படும் வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. உயிரோடிருப்பவர் மீது சான்றில்லாமல் எழுதப்பட்ட குற்றச்சாட்டு மட்டும் விதிவிலக்கு. அதை உடனே நீக்கிவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் மூன்று மீளமைப்பு விதியைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்றுக்கு மேல் மீளமைத்தால் தடை வரும் என்பதே விதி. மூன்று முறை வரை உரிமை உண்டு என்பதல்ல. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பத்தியை மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான். 25 மணி நேரம் காத்திருந்து நான்காவது முறை மீளமைப்பவரையும் தொகுப்புப் போர் (மாறி மாறி மீளமைத்தல்) புரிந்ததற்காகத் தடுக்கலாம்.

அடுத்தது தொகுப்புச் சுருக்கம், அதாவது மாற்றத்தைச் சேமிக்கும்போது அதற்கான காரணத்தை எழுதும் சிறு குறிப்பு. முன்பு இதன் எல்லை 255 பைட்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிப்பதால், நமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 85 குறிகள்தான். 2018இல் எல்லை 500 குறிகளாக உயர்ந்தது. இப்போது காரணத்தை முழுமையாக எழுத இடமிருக்கிறது. எழுதாமல் விட நியாயம் இல்லை. சேமித்த பிறகு சுருக்கத்தைத் திருத்த முடியாது என்பதால் கோபத்தில் எழுதியது நிரந்தரமாக நிற்கும். "தவறு", "அபத்தம்" என்பதைவிட "மேற்கோளிட்ட நூலில் இந்த ஆண்டு இல்லை" என்று எழுதினால் எதிர்த்தரப்பு நூலைப் புரட்டும், உங்கள் மீது பாயாது.

பிணக்குகள் உண்மையில் தீர்கிற இடம் பேச்சுப் பக்கம். இங்கே பலரும் வாதத்தை எழுதுகிறார்கள். எழுத வேண்டியது முன்மொழிவு. இப்போதுள்ள வரி, நீங்கள் வைக்க விரும்பும் வரி, அதற்கான சான்று பக்க எண்ணோடு: இந்த மூன்றும் இருந்தால் எதிர்த்தரப்பு ஒரு சொல்லை மாற்றிக் கேட்கும், பேச்சு நகரும். "இக்கட்டுரை நடுநிலையாக இல்லை" என்று மட்டும் எழுதினால் பத்து மறுமொழி வந்தும் கட்டுரை அங்கேயே நிற்கும். பழைய மாற்றத்தைச் சுட்ட வேண்டுமானால் வேறுபாட்டு இணைப்பை (அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்ததை ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தின் இணைப்பை) கொடுங்கள். ~~~~ இட்டுக் கையொப்பமிடுங்கள். மற்றவர் எழுதியதில் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். நீங்கள் சொன்னதை மாற்றிக்கொண்டால், அதற்கு மறுமொழி வந்த பிறகு அழிக்காமல் குறுக்குக் கோடு இடுங்கள்; அழித்தால் பதில் சொன்னவர் எதற்குச் சொன்னார் என்பதே விளங்காமல் போகும்.

பெயர்ப் பிணக்குகள்தான் மிக நீளமாக இழுக்கும். இரண்டு பெயருக்கும் நல்ல சான்று இருப்பதே காரணம். தமிழில் கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது இப்படிப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு போலந்து நகரைக் குதான்ஸ்க் என்பதா, டான்சிக் என்பதா என்ற சச்சரவுக்கு 2005இல் வாக்கெடுப்பே நடந்தது. 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்கு டான்சிக், மற்றக் காலங்களுக்குக் குதான்ஸ்க் என்று காலவாரியாகப் பிரித்தார்கள். எந்தப் பெயர் சரி என்ற கேள்வியை எந்த இடத்தில் எந்தப் பெயர் என்று உடைத்ததுதான் அங்கே வழி திறந்தது. மற்றொரு பெயரைத் தேடுபவரையும் இதே கட்டுரைக்குக் கொண்டுவரும் வழிமாற்று வைப்பதும் கட்டுரையின் முதல் வரியில் இரண்டையும் தருவதும் பாதிச் சூட்டைத் தணிக்கும்.

இருவர் மட்டும் பேசித் தேங்கி நின்றால், பிணக்கில் சேராத ஒருவரிடம் மூன்றாம் கருத்து கேட்கலாம். அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் முடிச்சு அவிழ அதுவே பல நேரம் போதும். பலர் கலந்துகொண்டிருந்தால் கருத்துக் கோரல், அதாவது ஒரு கேள்வியை வைத்து மற்றப் பயனர்களின் கருத்தையும் கேட்பது. ஆங்கிலத்தில் அதன் வழக்கமான காலம் 30 நாள். கேள்வியின் சொற்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், வருபவர்கள் கேள்வியைப் பற்றியே சண்டையிடுவார்கள். தொகுப்போர் குறைவான தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் ஒரு குறிப்பு இட்டு, ஒரு வாரமாவது பொறுத்திருப்பதே நடைமுறைக்கு ஏற்றது. உங்களோடு ஒத்துப்போவோரை மட்டும் தேடித்தேடி அழைக்கக் கூடாது. இணக்க முடிவு தலை எண்ணி வருவதில்லை. ஆதரவு வார்ப்புருவை (“ஆதரவு” என்று காட்டும் ஆயத்தக் குறியை) மட்டும் ஒட்டிச் செல்வோர் பத்துப் பேர் வந்தாலும் காரணத்துக்கு எடை கூடாது.

நிருவாகியிடம் போவது உள்ளடக்கத்துக்கான வழி அல்ல. அவர் நடத்தையைப் பார்ப்பார். பக்கத்தைப் பூட்டினால் அந்த நேரத்தில் இருக்கும் வடிவமே பூட்டப்படும். அது சரியென்ற தீர்ப்பாகாது.

உடன்பாடு வந்ததும் மாற்றத்தைச் சேமிக்கும்போது, சுருக்கத்தில் அந்த உரையாடலுக்கு இணைப்புக் கொடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே வரியை நீக்க வருபவர் வரலாற்றில் முதலில் பார்ப்பது அதைத்தான்.