அப்பா பெயரில் சந்தா, என் அறையில் டிவி

போன தீபாவளிக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த அத்தை மகன், கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் எங்கள் வீட்டு டிவிக்கென்று ஒரு ரோக்கு ஸ்டிக் வாங்கி வந்தான். சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ துளையில் செருகி வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்ததும், அவன் அங்கே பார்க்கும் சேனல்களெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து நின்றன. ஒன்றை அழுத்தினான். திரையில் ஒரு குறியீடு வந்தது. அதைக் கைப்பேசியில் அடித்தால், 'உங்கள் கேபிள் நிறுவனம் எது?' என்று ஒரு பட்டியல். காம்காஸ்ட், ஸ்பெக்ட்ரம், காக்ஸ் என்று நீண்டுகொண்டே போனது. முறுக்குத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்த அம்மா, "இதுல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லையேப்பா" என்றார்.

அவர்கள் நாட்டில் இது பழைய கதை. கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் அதே சேனலை இணையத்திலும் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டை டைம் வார்னரும் காம்காஸ்ட்டும் 2009-இல் முன்வைத்தன. செயலி இலவசம்தான். ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால், ஏதாவது ஒரு கேபிள் நிறுவனத்தின் சந்தாதாரர் என்று காட்ட வேண்டும். எச்பிஓ என்ற கட்டணச் சேனலுக்காக 2010-இல் வந்த எச்பிஓ கோ செயலி இந்த வகை. கேபிள் வேண்டாம், எச்பிஓ மட்டும் போதும் என்றவர்கள் 2015 ஏப்ரலில் எச்பிஓ நவ் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் குறியீடு அடிக்கும் தொல்லை தீர, 2016 டிசம்பரில் ஆப்பிள் டிவியில் ஒரே உள்நுழைவு வந்தது. தொல்லைதான் குறைந்தது, சந்தா நிபந்தனை அப்படியே இருந்தது.

மலேசியாவில் நமக்குக் கேபிள் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1995-இல் வந்த மெகா டிவி என்ற கட்டணச் சேவை 2001-இல் கடையை மூடியது. 1996-இல் மீசாட் செயற்கைக்கோளோடு வந்த அஸ்ட்ரோ நிலைத்துவிட்டது. ஆகவே அவர்களுக்குக் கேபிள் எதுவோ, நமக்குக் கூரைமேல் இருக்கும் தட்டு அது. ஆனால் பூட்டு இங்கேயும் உண்டு. சொந்தக்காரர்கள் என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்கும்போது, "எத்தனை சேனல் வரும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. சந்தா யார் பெயரில்? அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது, தட்டோடா, வீட்டு இணையத்தோடா, கைப்பேசி எண்ணோடா? வீடு மாறினால் அது கூட வருமா?

இந்தக் கேள்விகளை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வீட்டில் இருந்த சந்தாக்களில் ஒன்று அப்பா பெயரில் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம், தப்பு எங்களுடையதுதான். அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. பில் தானாகவே அம்மா கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பழைய டிவி கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினோம். செயலியைப் புதிதாக இறக்கி மின்னஞ்சலை அடித்தேன், கடவுச்சொல்லும் சரி. அப்புறம் திரையில், 'ஆறு இலக்க எண்ணை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று வந்தது. கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்ததும் அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவின் எண். அவர் போன ஆறாம் மாதமே அதை நாங்கள் நிறுத்திவிட்டோம். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஐசி (அடையாள அட்டை), பழைய பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கவுன்டரில் போய் நின்று பெயரை மாற்ற இரண்டு வாரம் ஆனது. உங்கள் வீட்டிலும் பில் தாத்தா பெயரில்தான் வருகிறது என்றால், இதைப் படித்து முடிப்பதற்குள் பதிவில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தட்டும் டிகோடரும் வைத்திருக்கும் வீட்டில் அஸ்ட்ரோ கோ செயலி கூடுதல் கட்டணமில்லாமல் கிடைக்கும். அமெரிக்காவின் அந்தக் கேபிள் ஏற்பாட்டுக்கு நம் ஊரில் நேர் ஒப்பு இதுதான். சந்தா எண்ணோடு அஸ்ட்ரோ ஐடியை இணைத்துவிட்டால், கட்டும் பேக்கேஜில் உள்ள சேனல்கள் கைப்பேசியிலும் வரும். பேக்கேஜில் இல்லாதது செயலியிலும் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: வானவில், விண்மீன், சன் டிவி, விஜய் எல்லாம் ஒரே ரிமோட்டில், எண்ணை அழுத்தினால் வந்துவிடும். எழுபது வயதுக்காரர்களுக்கு 201 என்று அடிப்பது பழக்கம். கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறியை நகர்த்தி, சுயவிவரம் தேர்ந்தெடுத்து, தேடு என்று போய் எழுத்து எழுத்தாக அடிப்பது பழக்கமில்லை. நிறுவனங்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகின்றன என்பது என் எண்ணம்.

தட்டின் பிரச்சினை மழை. அது வாங்கும் கேயூ அலைவரிசை அலைகளை அடர்ந்த மழை உறிஞ்சிவிடும். கேஎல்லில் சாயங்கால இடியோடு சீரியலும் நின்றுபோவது அதனால்தான். இன்னொன்று கொண்டோ அடுக்குமாடி. பால்கனியில் தட்டு மாட்டக் கூடாது என்று மேனேஜ்மென்ட் கடிதம் போடும் கட்டடங்கள் நிறைய. பொதுத் தட்டு இல்லையென்றால் வழியே கிடையாது. 2019-இல் வந்த அஸ்ட்ரோவின் அல்ட்ரா பாக்ஸ் 4கே படம் காட்டினாலும் அதற்கும் தட்டு வேண்டும். அதன் பிறகு வந்த அல்டி பாக்ஸின் பிளக் அண்ட் பிளே வகைக்குத் தட்டு தேவையில்லை, வீட்டு இணையத்திலேயே ஓடும். வாடகைக்குக் குடிபோகும் இளம் தம்பதிகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சுவரில் ஓட்டை போட வேண்டாம், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம். மழைக் கவலையும் போய்விடும். அதற்குப் பதிலாக, இணையம் நின்ற நாளில் டிவியும் நிற்கும்.

தொலைபேசி நிறுவனத்தின் வழி இன்னொன்று. 2010-இல் ஹிப்டிவி என்று தொடங்கி 2018-இல் யூனிஃபை டிவி என்று பெயர் மாறியதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி இணையத் திட்டத்தோடு சேர்ந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே பில். பார்க்க வசதிதான், ஆனால் முடிச்சு இறுகுவதும் அங்கேதான். இணையத்துக்கு 24 மாத ஒப்பந்தம் போட்டவர், டிவி பிடிக்கவில்லை என்று மட்டும் வேறு பக்கம் போக யோசிப்பார். இணையத்தை மாற்ற நினைப்பவருக்கு டிவியும் போய்விடும் என்ற தயக்கம். தமிழ்ச் சேனல்களுக்காக மட்டும் இதற்கு மாறுகிறவர்களிடம், கையெழுத்துப் போடுமுன் சேனல் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்வேன். 'இந்தியச் சேனல்கள்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதில் பாதி இந்தி மொழிச் சேனலாகவும் இருக்கலாம். சீரியல் பார்ப்பவருக்கு மொழி ஒன்றுதான் முக்கியம்.

சந்தாவே கேட்காத, அதாவது தட்டுச் சந்தாவைக் கேட்காத வகை கடந்த சில ஆண்டுகளில்தான் நிறைந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வந்தது. 2021 ஜூனில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் சூகாவும் வந்தன. சூகா அஸ்ட்ரோவே தொடங்கியது என்றாலும் அஸ்ட்ரோ சந்தா வேண்டியதில்லை, கைப்பேசியில் பதிந்தால் போதும். தட்டு வாங்காத தலைமுறையைப் பிடிக்க அவர்களே திறந்த பக்கவாசல் என்றுதான் அதைப் பார்க்கிறேன். பந்து பார்ப்பதற்காகவே மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த என் தம்பி இப்போது அறையிலேயே படுத்துக்கொண்டு பார்க்கிறான். ஒரு மாதம் கட்டலாம், அடுத்த மாதம் விடலாம். யார் ஐசியும் தேவையில்லை.

ஆனால் இந்தப் பக்கமும் பூட்டு வந்துகொண்டிருக்கிறது. கடவுச்சொல்லை நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் 2023-இல் முடிந்தது. அந்த ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று மலேசியாவிலும் இறுக்கியது. பினாங்கில் படிக்கும் மகளும் கேஎல்லில் இருக்கும் பெற்றோரும் அந்தக் கணக்கில் ஒரே வீடு இல்லை. வரியும் உண்டு: வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து 6 விழுக்காடு சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து 8. இரண்டு மூன்று செயலிகளுக்குக் கட்டும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், தட்டை விட்டு மிச்சப்படுத்தியது எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

இலவசம் என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பது எனக்குப் புரிவதில்லை. 2019 அக்டோபரோடு நாட்டில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதற்குப் பதிலாக மைடிவியின் மின்னிலக்க ஒளிபரப்பு வருகிறது. அண்மையில் வாங்கிய டிவி என்றால் அதற்கான டியூனர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பழைய டிவிக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். சன்னல் ஓரத்தில் ஓர் ஆண்டெனா, மாதச் சந்தா ஒன்றுமில்லை, மழையும் அவ்வளவாகத் தொல்லை கொடுக்காது. அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் டிவி2 தமிழ்ச் செய்தி அதிலேயே வரும். அதே ஆர்டிஎம் நிகழ்ச்சிகள் ஆர்டிஎம் கிளிக் செயலியிலும் காசில்லாமல் கிடைக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நான் செய்து கொடுத்தது இதைத்தான். செய்தி பார்க்கிறார், வாரக் கடைசியில் படம் வந்தால் பார்க்கிறார், வேறு எதுவும் கேட்கவில்லை.

தட்டு வேண்டும், மாதச் சந்தா வேண்டாம் என்பவர்களுக்கு 2012-இல் வந்த அஸ்ட்ரோவின் என்ஜோய் இருக்கிறது. பெட்டிக்கும் தட்டுக்கும் ஒரு தடவை காசு, அதோடு சரி. வானவில் அதில் உண்டு. மற்ற சேனல்களுக்குக் கைப்பேசி டாப்-அப் மாதிரி முன்பணம் ஏற்றிப் பார்க்கலாம். தீபாவளி மாதம் ஏற்றி மற்ற மாதம் விட்டுவிடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் வருகிறது.

கடைசியாக, எல்லோரும் உண்மையில் கேட்க விரும்புவது. 'ஒரு தடவை கட்டினால் ஆயுசுக்கும் எல்லாச் சேனலும்' என்று பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் கணினிக் கடைகளிலும் விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டி. நானும் ஒன்று வாங்கியவன்தான். எட்டு மாதம் ஓடியது. ஆயுசு என்று கடைக்காரர் சொன்னது யார் ஆயுசை என்று கேட்காமல் விட்டேன். ஒருநாள் எல்லாக் கட்டங்களும் கறுத்துப்போயின, கடையும் வேறு கடையாகிவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். 2022 மார்ச் 18 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், திருட்டுத்தனமாக ஒளிபரப்பும் தொழில்நுட்பத்தை விற்பது, பரப்புவது போன்றவற்றுக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டுவரை சிறையும் வைத்திருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்து நூறு வெள்ளி லாபம் பார்க்கும் அண்ணன்மார்கள் இதைப் படிப்பது நல்லது. வீட்டு இணையத்துக்குள் நுழைந்து இணையக் குற்றவாளிகளுக்கு உதவும் நச்சு மென்பொருள் பெட்டி வரும்போதே உள்ளே இருக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்ததும் இந்த மாதிரி மலிவுப் பெட்டிகளைப் பற்றித்தான்.

இன்னொரு வேடிக்கை: சான்று பெறாத பெட்டியில் ஒழுங்காகக் காசு கட்டி நெட்ஃபிளிக்ஸ் பார்த்தாலும் படம் மங்கலாகவே வரும். படத்தைக் காக்கும் வைட்வைன் என்ற பூட்டின் மேல்மட்டச் சான்று இல்லாத பெட்டிக்கு உயர்தரப் படத்தை அவர்கள் அனுப்புவதில்லை. 65 அங்குல டிவியில் 480 வரிப் படம் பார்த்தால் ஆள் முகமே தெரியாது. சியோமி, கூகள் மாதிரிச் சான்றுள்ள பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இதற்குத்தான். 4கே பார்க்க வேண்டுமானால் நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட், முழு எச்டிக்கு 5. வீட்டில் வைஃபை பெட்டி கூடத்தில் இருந்து டிவி அறைக்குள் இருந்தால், வேகத்தை அறைக்குள் நின்று சோதித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கூடத்தில் தட்டு, அம்மா பெயரில், அம்மாவின் எண்ணோடு. என் அறையில் சான்றுள்ள ஒரு சின்னப் பெட்டி. மாதத்துக்கு ஒரு செயலி, மாற்றி மாற்றி. ஆண்டெனா ஒன்றும் சன்னலில் தொங்குகிறது, இணையம் போன நாளுக்கு.

அத்தை மகன் ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஸ்டிக்கைக் கழற்றி அவன் பையிலேயே போட்டுவிட்டேன். கூடத்து டிவியில் நன்றாக வேலை செய்யும் எச்டிஎம்ஐ துளை ஒன்றே ஒன்றுதான். ஏழு மணி சீரியலுக்கு அது டிகோடருக்கு வேண்டும்.