எலி பேட் வாங்கலாமா? பசை அட்டை, ஸ்பிரிங் பொறி, கூண்டு, எலி மருந்து

மடித்துவைத்த புத்தகம் போல ஒரு அட்டை, அதுதான் எலி பேட். விரித்தால் உள்ளே இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் பசை. மருந்து இல்லை, நாற்றம் இல்லை, ரத்தம் இல்லை, குழந்தைகளுக்கு ஆபத்தில்லை என்று மேலே அச்சடித்திருக்கும். சுவரோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். மற்ற எந்தப் பொறியிலும் இல்லாத சுலபம் இது. ஆனாலும் எங்கள் முடிவு ஒன்றுதான்: வாங்காதீர்கள்.

முதலில் அதன் வேலைத்திறன். இந்தப் பசை காயாத வகை. சுண்டெலி 15 முதல் 25 கிராம்தான் இருக்கும், அதன் நான்கு காலும் பட்டுவிட்டால் தப்பாது. வளர்ந்த பெரிய எலியின் கதை வேறு. 300 கிராம் எலி ஒரு கால் பட்டவுடனே பின்வாங்கும், அல்லது அட்டையையே இழுத்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் போய்விடும். தூசி படிந்தால் பசைக்குப் பிடிப்பு போய்விடும். குளிரில் இறுகும், வெயிலில் இளகி வழியும். மாவு, சிமென்ட் தூள், ஈரம் உள்ள இடங்களில் ஒட்டும் திறன் வெகு சீக்கிரம் குறைந்துவிடும். பல்லி, ஓணான், அணில், சிறு பறவை, பாம்பு என்று எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும், பசைக்கு ஆள் தெரியாது.

அட்டையில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. பசை எலியைப் பிடிக்கும், கொல்லாது. கால் ஒட்டியதும் எலி குனிந்து அதைக் கடித்து இழுக்கும், அப்போது முகமும் ஒட்டும். திமிறத் திமிற ரோமம் தோலோடு பிய்ந்து வரும். மூக்கு பசையில் புதைந்தால் மூச்சுத்திணறிச் சீக்கிரம் சாகும். இல்லாவிட்டால் தாகத்தாலும் களைப்பாலும் பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் கழித்துச் சாகும். இரவில் சத்தமே கேட்கவில்லையே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, எலி அபாயத்தில் எழுப்பும் நீண்ட குரல் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மனிதக் காதின் எல்லை சுமார் 20. கத்தல் இருக்கும், நமக்குக் கேட்காது.

பயத்தில் அது சிறுநீரும் கழிக்கும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி முக்கியமாக எலியின் சிறுநீர் வழியாகப் பரவும். ஆகவே 'சுத்தமான முறை' என்ற விளம்பரமும் நிற்காது. உயிரோடு துடிக்கும் எலி ஒட்டிய அட்டையைக் கையில் எடுப்பவர் கடிபடவும் வாய்ப்பு உண்டு.

எலிதானே என்பார்கள். இந்த இடத்தில்தான் எங்களுக்குப் பெரிய மனக்குறை. ரோமத்துக்காகக் காட்டு விலங்குகளைப் பிடிக்கும் பொறிகளுக்கென்று 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை எழுதின. கொல்லும் பொறி ஒன்று தேர்ச்சி பெற வேண்டுமானால், அடிபட்ட விலங்கு குறிப்பிட்ட நேரத்துக்குள் நினைவிழக்க வேண்டும். எர்மின் என்ற சிறு ஊனுண்ணிக்கு 45 விநாடி, அதன் உறவான மார்ட்டனுக்கு 120, மற்றவற்றுக்கு 300. மஸ்க்ராட் என்ற நீர்க் கொறிணிகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. வீட்டு எலி இல்லை. தோல் விலைபோகும் கொறிணிக்கு விநாடிக் கணக்கு, விலைபோகாத கொறிணிக்கு எந்தக் கணக்கும் கிடையாது. வளர்ப்பு வெள்ளெலியை யாராவது பசை அட்டையில் ஒட்டிவைத்தால் கொடுமை என்போம். ஆய்வகத்தில் இருப்பதும் எலிதான், அங்கே வலியைக் குறைக்காமல் ஒரு சோதனை நடத்த நெறிமுறைக் குழு லேசில் அனுமதி தராது. சுண்டெலியின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்கும் முறை 2010-இலேயே வந்துவிட்டது: கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் புடைக்கும், காது பின்னுக்குப் போகும், மீசையின் நிலை மாறும். இருக்கும் இடத்தைப் பொறுத்து எலியின் நரம்பு மாறுவதில்லை.

எலியைக் கொல்லவே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. தானியத்தைத் தின்னும், மின்கம்பியைக் கடிக்கும், நோய் கொண்டுவரும், கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் பொறியை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாட்டிய பிறகு அந்த உயிர் எவ்வளவு நேரம் அனுபவிக்கிறது என்பது. அந்தக் கேள்வியோடு மற்ற மூன்றையும் பார்க்கலாம்.

எலி மருந்து இதிலும் தோற்கிறது. புரோமடியோலோன், புரோடிஃபேகம் போன்றவை வைட்டமின் கே மறுசுழற்சியைத் தடுத்து, ரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி சாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், உள்ளுக்குள்ளே ரத்தம் கசியும், பெரும்பாலும் நினைவோடுதான் இருக்கும். அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் போய்ச் சேரும். சுவருக்குள் செத்தால் நாற்றம் வேறு.

கூண்டு பார்க்க இரக்கமாகத் தெரியும். அது உண்மையாக வேண்டுமானால் பொறுப்பு நிறைய. சுண்டெலி சில மணி நேரம் தின்னாமல் இருந்தாலே தளர்ந்துவிடும். ஆகவே உள்ளே தீனி, ஈரச்சத்துக்கு ஒரு துண்டு காய், ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் காகிதத் துணுக்கு மூன்றும் வேண்டும். குறைந்தது காலையும் மாலையும் பார்க்க வேண்டும். தொலைவில் கொண்டுபோய் விட்டால் இடம் தெரியாமல் பெரும்பாலும் செத்துவிடும், பக்கத்தில் விட்டால் திரும்பி வரும். பால் கொடுக்கும் தாயைப் பிடித்தால் வளையில் குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். குட்டிகள் பால் மறக்கவே சுமார் மூன்று வாரம் ஆகும். பிடித்த கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்குவது பசை அட்டைக்கு எந்த விதத்திலும் மேலானது அல்ல.

நல்ல ஸ்பிரிங் பொறிதான் எங்கள் தேர்வு, சரியான அளவில் வாங்கிச் சரியாக வைத்தால் மட்டும். சுண்டெலிப் பொறியில் பெரிய எலி மாட்டினால் காலோ மூக்கோ நசுங்கி உயிரோடு கிடக்கும். எச்சத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்: அரிசி அளவுக்குக் கீழே என்றால் சுண்டெலி, ஒன்று முதல் இரண்டு செ.மீ. என்றால் பெரிய எலி. கம்பி கழுத்திலோ மண்டையிலோ விழ வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற விதிகள் எல்லாம். பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். இரை பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் ஓரத்திலேயே நின்று நக்கிவிட்டுப் போய்விடும். வறுத்த நிலக்கடலையை மசித்து விசைத்தகட்டில் நன்றாக அப்பிவிட்டால் இழுத்துத்தான் தின்ன வேண்டியிருக்கும்.

பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். ஆகவே விசையை ஏற்றாமல் மூன்று நான்கு நாள் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள், தின்னத் தொடங்கியதும் ஒரே இரவில் எல்லாப் பொறியையும் ஏற்றுங்கள். சுண்டெலி துருதுருவென்று எதையும் முகர்ந்து பார்க்கும், இந்தப் பொறுமை அதற்குத் தேவையில்லை. ஆனால் சுற்றும் தூரம் குறைவு என்பதால் பொறிகளை இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி வையுங்கள். பொறியை இரண்டு பக்கமும் துளையிட்ட பெட்டிக்குள் வைத்தால் பறவையும் குழந்தையின் விரலும் தப்பிக்கும், எலியும் நேராக நுழையும். ஸ்பிரிங் தளர்ந்த, துருப்பிடித்த பொறியைத் தூக்கி எறியுங்கள். மெதுவாக விழும் கம்பி காயப்படுத்தும், கொல்லாது.

ஓட்டையை அடைக்காமல் எந்தப் பொறி வைத்தாலும் கொலை தொடர்ந்துகொண்டேதான் இருக்கும். பென்சில் நுழையும் 6 மி.மீ. இடைவெளி சுண்டெலிக்குப் போதும். ஸ்டீல் உல்லைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் ஃபோம் அடைத்தால் கடித்துவிடும்.

நியூசிலாந்தில் 2015 முதல் பசை அட்டை விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல், உரிமம் இல்லாமல் எலிக்கு இதை வைப்பது குற்றம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு: பல்லியோ பறவையோ ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தோலும் இறகும் போய்விடும். கையுறை போட்டு, முதலில் எதுவும் ஒட்டாமல் இருக்கும் பசைப் பகுதி முழுவதையும் காகிதத்தால் மூடுங்கள், மறுபடி ஒட்டாது. பிறகு சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒட்டிய இடத்தில் மட்டும் தடவி, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மெல்ல விடுவியுங்கள். மூக்கில் எண்ணெய் போகக் கூடாது. பறவையாக இருந்தால் இறகில் எண்ணெயோடு பறக்கவிடாமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எலி ஒட்டியிருந்தால் உயிரோடு குப்பையில் போடவோ தண்ணீரில் அமுக்கவோ வேண்டாம். அட்டையைத் தடித்த பைக்குள் வைத்து, தலையின் பின்பக்கம் கனமான பொருளால் ஓங்கி ஒரே அடி. அது உங்களால் முடியாது என்றால் மீதமிருக்கும் அட்டைகளை விரிக்காமல் அப்படியே அப்புறப்படுத்திவிடுங்கள்.