“சட்டப்படி கட்டாயம்” என்று சொல்லி 3,800 வெள்ளியைக் கறந்துவிட்டார்கள்: சிங்கப்பூரில் கடை வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

கோபம் தணிந்த பிறகு எழுது என்று கணவர் சொல்கிறார். தணிந்துவிட்டால் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எங்கள் கடைக்குத் தேவையே இல்லாத ஒரு மின்பயன்பாட்டுத் தணிக்கைக்குப் போனது 3,800 வெள்ளி. அந்தத் தொகையை லாபமாகப் பார்க்க எத்தனை சேலையைப் பிரித்துக் காட்டி, எத்தனை சேலையைத் திரும்ப மடித்து வைக்க வேண்டும் என்பது துணிக்கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகைக் கடைவீட்டில் தொழில் செய்கிறோம். கீழே சேலை, மேலே தையல். இரண்டு தளமும் சேர்த்து 140 சதுர மீட்டர். சுவரில் மாட்டிய ஏர்கான் நான்கு. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்கட்டணம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. எங்கே மின்சாரம் வீணாகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஒரு செயலியில் கேட்டிருந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. குழாய் அடைப்பு முதல் வீடு மாற்றுவது வரை எல்லா வேலைக்கும் ஆள் பிடித்துத் தருகிறார்களே, அந்த வகைச் செயலி. இந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சைச் சின்னம் இருந்தது. ஐந்து நட்சத்திரமும் இருந்தது.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். அழகான தமிழ். மாடிப் படியில் ஏறும்முன் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். “தையல் வேலை நடக்கிற இடம், துணியில் மண் பட்டுவிடும் அக்கா” என்றார். எங்கள் தையல்காரர்களே அவ்வளவு பார்ப்பதில்லை. கையில் வெப்பப் படம் எடுக்கும் கருவி ஒன்று. ஏர்கான் பக்கம் திருப்பினால் திரை ஊதாவாகிறது. வாசல் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் மஞ்சளும் சிவப்புமாகக் கொதிக்கிறது. “உங்கள் பணம் இந்த வழியாகத்தான் வெளியே போகிறது அக்கா.” அரை மணி நேரம் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். காப்பி கொடுத்தேன்; சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு சட்டத்துக்குத் திரும்பியது. கட்டட, கட்டுமான ஆணையம் 2005ஆம் ஆண்டிலேயே, கட்டடங்களுக்குப் பசுமைத் தரச் சான்று தரும் ‘கிரீன் மார்க்’ திட்டத்தைக் கொண்டு வந்ததைச் சொன்னார். 2030க்குள் இந்நாட்டுக் கட்டடப் பரப்பில் 80 விழுக்காடு பசுமைத் தரத்துக்கு வந்தாக வேண்டும் என்பதைச் சொன்னார். ஆண்டு மின்பயன்பாட்டைத் தளப் பரப்பால் வகுத்து ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று கணக்கிடுவதை என் கட்டண ரசீதின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினார். அதிகம் தின்கிற கட்டடங்கள் தணிக்கை செய்து, பயன்பாட்டை 10 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற புதிய விதி 2025இல் நடப்புக்கு வந்துவிட்டது என்றார். அபராதம் என்ற சொல்லையும் லேசாகப் போட்டுவிட்டுப் போனார்.

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். “நீங்கள் விசாரித்திருக்கக் கூடாதா?” என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: விசாரித்தேன். அன்றிரவு மகளும் நானும் உட்கார்ந்து தேடினோம். செய்திகளில் அந்த விதி இருந்தது, 10 விழுக்காடு இருந்தது, 2030 இருந்தது. அந்த ஆள் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது.

“செய்தியில் கட்டட உரிமையாளர் என்றுதானே போட்டிருக்கிறது, நான் வாடகைக்கு இருப்பவள்” என்று மறுமுறை வந்தபோது கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நேராக ஒரு வரியில் விரலை வைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் பராமரிப்பு வாடகைதாரரின் பொறுப்பு என்ற வரி அது. “பார்த்தீர்களா அக்கா, நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்கு வரும், செலவை அவர் உங்கள் தலையில் கட்டிவிடுவார். முந்திக்கொண்டால் உங்கள் கையில் சான்றிதழ் இருக்கும்.” இங்கே வாடகைக் கடை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அந்த வரி இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த விரல் அந்த வரியில் நின்ற நொடியில்தான் நான் நம்பினேன்.

தணிக்கைக்குக் கட்டணம் 3,800 வெள்ளி. அதிர்ந்துபோய்ப் பார்த்தேன். அதற்கும் பதில் தயார். வணிகங்களுக்கான எரிசக்திச் சிக்கன மானியத்தில் 70 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்குமாம். 2,660 வெள்ளி வந்துவிடும், கையைவிட்டுப் போவது 1,140 வெள்ளிதான் என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். செயலி வழியாகவே கட்டச் சொன்னார். “நேராக என்னிடம் கொடுக்காதீர்கள் அக்கா, செயலியில் இருந்தால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு” என்று சொல்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? ‘வேலை முடிந்து நீங்கள் திருப்தி அடையும்வரை உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும்’ என்று செயலியும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தணிக்கை அறிக்கை கணினிக் கோப்பாக வந்தது. கூடவே வாசல் கண்ணாடியில் ஒட்ட வட்டமான பச்சை வில்லை ஒன்று. தீபாவளி நெரிசல், வில்லையை ஒட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

விஷயத்தை உடைத்தது ஒரு வாடிக்கையாளர். ஷென்டன் வே பக்கம் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவர் வில்லையைப் பார்த்துவிட்டு, “இது எதற்கு உங்கள் கடைக்கு?” என்று கேட்டார். அறிக்கையைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் முகம் மாறிவிட்டது.

எங்கள் கடைவீட்டில், பெரிய கட்டடங்களைக் குளிரூட்டும் குளிர்நீர் இயந்திரங்கள் இரண்டு இருக்கின்றனவாம். மொட்டைமாடியில் குளிர்விப்புக் கோபுரம் இருக்கிறதாம், அதன் நீரோட்டம் ‘திருப்திகரம்’. எங்களுக்கு மொட்டைமாடியே கிடையாது, ஓட்டுக்கூரை. இன்னொரு பக்கத்தில் ‘விருந்தினர் அறைகளில் சாவி அட்டையை எடுத்ததும் விளக்குகள் தாமாக அணைகின்றன’ என்று ஒரு பாராட்டு! ஏதோ ஒரு ஹோட்டலுக்கு எழுதிய அறிக்கையில் முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றி, என் கடைப் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதிலும் பெயரில் எழுத்துப் பிழை.

அந்த வாடிக்கையாளர் நின்றபடியே விளக்கினார். புதிய விதி 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளப் பரப்பு உள்ள, மின்சாரம் அதிகம் தின்கிற கட்டடங்களுக்கு. அலுவலகக் கோபுரங்கள், கடைத்தொகுதிகள், ஹோட்டல்கள் மாதிரி இடங்கள். சட்டம் பார்ப்பது கட்டடத்தின் உரிமையாளரை. நோட்டீஸ் அனுப்புவது ஆணையம், தெருவில் வருகிற ஆள் இல்லை. பெரிய கட்டடங்களின் மையக் குளிரூட்டும் அமைப்பை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே நடப்பில் உள்ள வேறு விதி. அந்தத் தணிக்கையையும் ஆணையத்தில் பதிவு செய்த தணிக்கையாளரோ பதிவு பெற்ற இயந்திரவியல் பொறியாளரோதான் செய்ய முடியும். வெப்பப் படக் கருவி வைத்திருப்பதெல்லாம் ஒரு தகுதி இல்லை.

5,000 எங்கே, 140 எங்கே? எங்கள் கடை மாதிரி முப்பத்தாறு கடைகளை ஒன்றாக ஒட்டினால்தான் அந்த அளவைத் தொட முடியும். எல்லா எண்ணையும் ஒப்பித்தவர் அந்த ஓர் எண்ணை மட்டும் விழுங்கிவிட்டார்.

மானியக் கதையும் அப்படித்தான். மானியம் உண்மையில் இருக்கிறது. சில்லறை வணிகத்துக்கும் உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட தரமுள்ள ஏர்கான், எல்இடி விளக்கு, குளிர்பதனப் பெட்டி போன்ற சாதனங்களை வாங்குவதற்கு. பணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். யாரோ எழுதிய ஹோட்டல் அறிக்கைக்கு 2,660 வெள்ளி யார் கொடுப்பார்கள்?

அந்த ஆளை அழைத்தேன். முதல்முறை, “மாதிரி வடிவம் தவறிப்போய் வந்துவிட்டது அக்கா, சரியானதை அனுப்புகிறேன்” என்றார். வரவில்லை. அடுத்து, பொறியாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார். அதற்கடுத்து நான் ‘மேடம்’ ஆகிவிட்டேன். “மேடம், ஒப்புக்கொண்ட வேலை முடித்துத் தரப்பட்டுவிட்டது, இனிச் செயலியிடம் பேசுங்கள்.” இப்போது செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் சில வெள்ளி கட்டி அந்த நிறுவனத்தின் விவரத்தை எடுத்தேன். பதிவாகியே சில மாதம்தான். தொழில் என்ற இடத்தில் விளம்பரச் சேவை என்று போட்டிருக்கிறது.

செயலிக்காரர்கள் இவரையும் மிஞ்சியவர்கள். முதலில் பதில் சொன்னது இயந்திரம். “உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது” என்றது. மனிதரிடம் பேச வேண்டும் என்று மறுபடி மறுபடி அடித்த பிறகு ஒரு பெண் வந்தார். பணத்தை நிறுத்தி வையுங்கள் என்றேன். எப்போதோ கொடுத்துவிட்டார்களாம். கோப்பை ஏற்றிவிட்டு அந்த ஆள் ‘வேலை முடிந்தது’ என்று அழுத்தினாராம். 48 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் மறுக்காவிட்டால் திருப்தி அடைந்ததாகக் கணக்காம். நான் எங்கே திருப்தி என்று சொன்னேன்? சொல்லத் தேவையில்லையாம், விதிமுறையில் இருக்கிறதாம். சரி, அந்தப் பச்சைச் சின்னம்? யாரைச் சரிபார்த்தீர்கள், எதைச் சரிபார்த்தீர்கள்? கைப்பேசி எண்ணை! அவர் கைப்பேசி எண் அவருடையதுதான் என்று உறுதிசெய்ததற்குத்தான் அந்தச் சின்னமாம். “நாங்கள் இரு தரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே.” கடைசியில் நல்லெண்ண அடையாளமாக 20 வெள்ளிக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார்கள். அடுத்த சேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். 3,800 வெள்ளிக்கு 20 வெள்ளி. அதற்கும் கெடு தேதி போட்டிருக்கிறார்கள்.

செயலியில் அந்த ஆளின் பக்கத்தில் என் அனுபவத்தை எழுதினேன். ‘சமூக நெறிமுறைக்குப் பொருந்தவில்லை’ என்று எடுத்துவிட்டார்கள். ஐந்து நட்சத்திரம் எப்படி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வாங்கிய சேவையாக இருந்தால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பக்கம் போயிருக்கலாம். கடைக்கு வாங்கியது வணிகச் செலவு, அந்தச் சட்டம் துணைக்கு வராது. எஞ்சியிருப்பது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மனு போட்டுவிட்டேன். பேச்சுப் பதிவுகள், கட்டண ரசீது, அந்த ஹோட்டல் அறிக்கை எல்லாம் அச்செடுத்துக் கோப்பில் இருக்கின்றன. தீர்ப்பு வந்தாலும் அந்த ஆளைத் தேடிப் பிடித்து வசூலிப்பது என் பாடு.

இதற்கிடையில் வழக்கமாக வரும் ஏர்கான் அண்ணனை அழைத்தேன். வடிகட்டியைக் கழற்றியதும் தூசி கம்பளிபோல் உரிந்து வந்தது. தையலிலிருந்து பறக்கும் நூல்பிசிறு முழுக்க அதில்தான் இருந்திருக்கிறது. பின்புறம் வெளிப்பெட்டியின் முகத்தை அடைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகள். அவற்றை நகர்த்தச் சொன்னார். குளிரை 25 பாகையில் வைத்து, மேலே ஒரு விசிறியும் போடச் சொன்னார். நான்கு ஏர்கானுக்கும் சேர்த்து 120 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ரசீதில் கட்டணம் குறைந்தது. வெப்பப் படமெல்லாம் அவரிடம் இல்லை.

விதிகளை நான் குறை சொல்லவில்லை. இந்தத் தீவில் கட்டடங்கள் குடிக்கிற மின்சாரத்துக்கு அப்படி ஒரு விதி வேண்டியதுதான். அதன் பெயரைச் சொல்லிச் சின்னக் கடைகளில் ஏறி இறங்குகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். பக்கத்துத் தெரு மளிகைக் கடையிலும் இதே பேச்சோடு யாரோ வந்து போயிருக்கிறார்கள். வேறு ஆள், அதே கருவி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரம் இல்லை, பொங்கல் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். யாராவது ‘சட்டப்படி கட்டாயம்’ என்று வந்தால் எத்தனை சதுர மீட்டருக்கு என்று முதலில் கேளுங்கள். ஆணையத்தின் கடிதம் எங்கே என்று கேளுங்கள். தணிக்கையாளர் பெயரை வாங்கி ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். மானியம் திரும்பக் கிடைக்கும் என்ற பேச்சுக்காக ஒரு காசும் முன்னால் கட்டாதீர்கள். செயலியில் கோப்பு வந்தால் அன்றைக்கே திறந்து படியுங்கள், கடையில் கூட்டம் இருந்தாலும் சரி. பச்சைச் சின்னத்தை நம்பாதீர்கள்.

எந்தச் செயலி என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். நடுவர் மன்றத்தில் முடியும்வரை சொல்ல முடியாது. இதே பச்சை வில்லை உங்கள் கடை வாசலிலும் இருந்தால் மட்டும் எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.